சப்பைக் கிரீடக் காலணா

செல்வம்,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாய்த்தான் இருப்பாய். "மெட்ராஸிலிருந்து உனக்கு என்ன அனுப்பட்டும் அம்மா" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். எனக்கு ஒன்றும் வேண்டாம். உன் அப்பாவுக்குத்தான் ஒன்று வேண்டும். அது மெட்ராஸ் கடையில் கிடைக்காது, இந்த அந்தமான் டாலிகஞ்சிலும் கிடைக்காது. அது என்ன என்று கண்டுபிடிக்கவே இந்த மழைக்காலத்தில் பாதி போய்விட்டது எனக்கு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாக வாசி. லம்பா லைன் புருஷன் வீட்டிலிருந்து உன் தங்கச்சி வந்திருந்தபோது, "சொல்லுங்கம்மா, நான் எழுதித் தரேன்" என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். அவள் எழுதினால் அண்ணன் மனசு நோகுமே என்று நாலு வரியை விழுங்கிவிடுவாள். உன் மனசு கொஞ்சம் நோகட்டும்.

அப்பா விழுந்ததும் உனக்குத் தந்தி வந்தது. தந்தி கிடைத்ததும் நீ மணியார்டர் அனுப்பினாய். அதை நான் மறக்கமாட்டேன். எந்த அர்த்தத்தில் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். இப்போது அவருக்கு வலப்பக்கம் முழுதும் போய்விட்டது. பேச்சும் இல்லை. "ப்பா, ப்பா" என்று ஒரே சத்தம், பசிக்கும் அதுதான், ஒண்ணுக்கு வந்தாலும் அதுதான். இடது கை மட்டும் நன்றாக இருக்கிறது. கட்டிலைக் காற்றுக்காக முன்னறையில் போட்டிருக்கிறேன். எதிரே சுவரில் அவருடைய காசுப் பலகை. விழித்திருக்கும் நேரமெல்லாம் அதைத்தான் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருப்பவர் திடீரென்று இடது கையைத் தூக்கி, பலகையின் மேல் சட்டத்தில் இருக்கிற ஒரு குழியைக் காட்டுவார். மற்றக் குழிகளில் எல்லாம் காசு இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் காலி. நான் எதையாவது எடுத்துப் போய் வைத்துக் காட்டுவேன். பலகையைக் கழற்றி அவர் மடிமேல் வைத்தால், வைத்த காசைப் பெருவிரலால் தடவிப் பார்த்துத் தள்ளிவிடுவார். காசு கட்டிலுக்கு அடியில் ஓடும். நான் குனிந்து எடுப்பேன். மறுபடி கையைத் தூக்குவார். சாகப்போகிற மனுஷன் ஒன்றே ஒன்று கேட்கிறார், அது என்னவென்று கட்டினவளுக்குத் தெரியவில்லை என்றால் அவள் என்ன செய்வாள்?

அந்தப் பலகை எப்படி வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். நாம் கப்பலேறி வந்தபோது நீ கைக்குழந்தை. அப்பாவுக்கு மர மில்லில் தச்சு வேலை. இங்கே எல்லாரும் அவரை மிஸ்திரி என்று கூப்பிட்டார்கள். அந்த நாளில் காளை போட்ட அணா, குதிரை போட்ட பைசா, பழைய ராஜா தலைக் காசு எல்லாம் கலந்து புழங்கின. பிறகு நயா பைசா வந்தது. மெயின்லேண்டில் வந்து எத்தனையோ மாதம் கழித்துத்தான் கப்பலில் நமக்கு வந்து சேர்ந்தது. பதினாறு அணா ஒரு ரூபாய் என்று இருந்தது போய் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்றதும் கடைத்தெருவே குழம்பிப்போனது. பழைய காசு செல்லாமல் போய்விடும் என்று ஆளாளுக்கு அதைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். உன் அப்பாதான், "எல்லாம் போயிரும்டி. ஒரு வகைக்கு ஒண்ணு எடுத்து வைப்போம். பின்னால பார்க்கிறவன் பார்க்கட்டும்" என்று சொல்லி மில்லில் கழித்துப்போட்ட படாக் மரத்துண்டைக் கொண்டுவந்தார். ஆணி கிடையாது, பசை கிடையாது. காசின் அளவுக்குக் குழி. வட்டக் காசுக்கு வட்டக் குழி, பூ ஓரம் வைத்த இரண்டு பைசாவுக்குப் பூ ஓரத்தோடு குழி, அஞ்சு பைசாவுக்குச் சதுரம். ஆறு மூலை வைத்த மூணு பைசா வந்தபோது ஒரு குழந்தை பிறந்த மாதிரி சந்தோஷப்பட்டார். மழைக்காலத்தில் மரம் ஊறிக் காசைக் கவ்விக்கொள்ளும், இழுத்தாலும் வராது. மாசி பங்குனி வெயிலில் மரம் இளகி, சும்மா இருக்கும்போதே டக்கென்று ஒரு காசு கீழே விழும். "யாரு இறங்கினது?" என்று கேட்டுக்கொண்டே வருவார், வீட்டுக்கு வந்த ஆளை விசாரிப்பதுபோல.

மரத்தில் வெட்டிய குழியை மூட முடியாது. அதனால் ஒரு காசுக்குக் குழி வெட்டுவதா வேண்டாமா என்பது அவருக்குச் சாமானியப்பட்ட விஷயம் இல்லை. படம் மாறினால் குழி. வருஷம் மட்டும் மாறினால் குழி கிடையாது. இதுதான் அவர் வைத்த சட்டம். மண்டல் பாபு ஞாபகம் இருக்கிறது அல்லவா, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து நம் தெருமுனையில் காகிதக் கடை வைத்தவர், அவரும் டப்பா டப்பாவாகப் பழைய காசு சேர்த்தவர். அவர்தான் அப்பாவோடு மல்லுக்கு நிற்பார். வருஷத்துக்குக் கீழே சிலதில் ஒரு பொட்டு இருக்கும், சிலதில் நட்சத்திரம் இருக்கும், சிலதில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊரில் அடித்தது என்பதற்கு அடையாளம் என்றார் பாபு. "அப்போ மூணு குழி காட்டோ, வெட்டு மிஸ்திரி." "ஊருக்கு ஒரு குழின்னா உங்களுக்கும் எனக்கும் தனித்தனி அந்தமான் வேணும் பாபு" என்றார் அப்பா. அதில் அப்பா ஜெயித்தார். ஆனால் ஒரு நயா பைசா முதலில் செம்பு நிறத்தில் வந்து பிறகு மஞ்சளாக வந்ததே, அதில் பாபு விடவில்லை. "ரங் அலக், தாது அலக், சிக்கா அலக்!" என்று தினமும் கடை வாசலில் நின்று கத்துவார். நிறமும் உலோகமும் வேறு என்றால் காசும் வேறுதான் என்பது அவர் கட்சி. "படம் அதேதானே" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் பேசாமல் உளியை எடுத்து மஞ்சளுக்கும் குழி வெட்டிவிட்டார். பாபுவைக் கூப்பிட்டுக் காட்டி டீயும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்காரனிடம் தோற்க அவருக்கு வெட்கமே இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நான் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் சித்தப்பா கான்ட்ராக்ட் எடுக்கிறேன் என்று வந்து நம் வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்து தின்றானே, அவன் போகும்போது பலகையிலிருந்த ராஜா தலை வெள்ளி ரூபாயை, "கப்பல்ல ஒருத்தர்கிட்ட காட்டிட்டு அனுப்பறேன் அண்ணே" என்று பிடுங்கிக்கொண்டு போனான். இன்றைக்கு வரைக்கும் காட்டிக்கொண்டிருக்கிறான். அவன் பெண் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, அவன் சாவுக்கும் போகமாட்டேன். உன் அப்பாவோ சிரித்தார். பாபுவிடம் கேட்டு வேறு வருஷத்து ரூபாய் ஒன்றை வாங்கி அதே குழியில் அழுத்தினார். "என்னங்க இது, நம்ம காசு இல்லையே" என்றேன். "அதே ராஜா, அதே தலை. வகைக்கு ஒண்ணு இருந்தா போதும். எந்த ஒண்ணா இருந்தா என்னடி?" என்றார். இந்தப் பேச்சையும் ஞாபகம் வைத்துக்கொள். இது பிறகு வரும்.

இப்போது உன் காசு. நீ பிறந்தபோது வெள்ளி அரைஞாணுக்கு நமக்கு வழியில்லை. கறுப்புக் கயிற்றில் ஓர் ஓட்டைக் காலணாவைக் கோத்துக் கட்டினேன். "ராசா மகனுக்கு ஓட்டைக் காசுதான் கிடைச்சுதா?" என்று உன் பெரியத்தை எல்லார் முன்னாலும் கேட்டாள். அவளையும் நான் மறக்கவில்லை. கட்டிய மறுநாளே உன் வயிற்றில் சிவப்பாகக் கீறல். ஓட்டையின் உள்விளிம்பு கூராக இருந்திருக்கிறது. அப்பா அப்போது வேலை கற்றுக்கொண்டிருந்த ஆள், சொந்தமாக அரம்கூடக் கிடையாது. எங்கேயோ இரவல் வாங்கி வந்து உள்விளிம்பைத் தேய்த்தார். கை வழுக்கி ஒரு பக்கம் மட்டும் அதிகமாகத் தேய்ந்து சரிந்துவிட்டது. தேய்த்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? சட்டையைத் தூக்கித் தன் வயிற்றில் அந்தக் காசை உரசிப் பார்த்தார். இந்தப் பக்கம் உரசினார், அந்தப் பக்கம் உரசினார். "கீறல, கட்டு" என்றார். கப்பலில் நான் தலை தூக்க முடியாமல் கிடந்தபோது, அந்தக் காசை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு நீ பாட்டுக்குக் கிடந்தாய். நீ பள்ளிக்கூடம் போகிற வயதில் கயிறு அறுந்தது. காசைக் கடுகு டப்பாவில் போட்டு வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு மீசை அரும்பாத வயது. மில் சூப்பர்வைசர் பலகையைப் பார்க்க வருகிறார் என்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மண்டல் பாபுவும் வந்திருந்தார். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். காலையிலேயே என்னிடம் கேட்டுக் கடுகு டப்பாவிலிருந்து காசை எடுத்துக்கொண்டாய். எதற்கென்று நான் கேட்கவில்லை. எல்லாரும் பலகை முன்னால் நிற்கும்போது நீ நடுவில் நுழைந்தாய்.

"அப்பா, இது வேறப்பா."

"எதுடா?"

"நம்ம பலகையில இருக்கிற ஓட்டைக் காலணால கிரீடம் கோபுரம் மாதிரி எழும்பி இருக்கு. என் காசைப் பாருங்க. கரண்டியால அமுக்கின தோசை மாதிரி சப்பையா இருக்கு. படம் மாறினா குழின்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

பாபு காசைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பினார். பலகைக்கும் காசுக்கும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு குதித்தார். "அரே வாஹ்! சச் பாத்! தம்பி ஜீத் கயா, மிஸ்திரி ஹார் கயா!" தம்பி ஜெயித்தான், மிஸ்திரி தோற்றார் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். சூப்பர்வைசர் சும்மா இருந்தாரா? "என்ன மிஸ்திரி, நாளையிலருந்து உளியப் பையன் கையில குடுத்துட்டு நீர் டீ வாங்கப் போறீரா?" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. காசைக் கையில் வாங்கினார். பெருவிரல் தானாக ஓட்டைக்குள் போனது. நான் பார்த்தேன். சரிந்த பக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு, "இது அரம் பட்ட காசு. பலகைக்கு ஆகாது" என்றார்.

"அரம் போட்டதே நீங்கதானப்பா. அம்மா சொல்லியிருக்கு."

"வாயை மூடுறா. ஓட்டைக் காலணான்னா ஓட்டைக் காலணாதான். கிரீடம் சப்பையா இருந்தா என்ன, கோணையா இருந்தா என்ன? ஒண்ணு இருக்கில்ல, போதும்."

சொல்லிவிட்டு அதை மரச்சீவல் கூடையில் சுண்டிப் போட்டார். நான், "விடுங்க, சின்னப்பய" என்றேன். மறுபடியும் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. நீ சீவலைக் கிளறிக் காசை எடுத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனாய். அன்றைக்கு அப்புறம் அந்தப் பலகையை நீ தொடவே இல்லை. அதற்கு முன்னால் நீதான் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பாய். அப்பாவும் உன்னைத் துடைக்கச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் மழைக்கு ஒதுங்கின வழிப்போக்கர்கள் மாதிரி இருந்தீர்கள். நடுவில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு காசுக்கா இவ்வளவு என்று நீ இப்போது சிரிக்கலாம். நான் அன்றைக்கே சிரிக்கவில்லை. அவர் பாபுவுக்குக் குழி வெட்டினார், உனக்கு வெட்டவில்லை. நீ எதற்காகக் கோபப்பட்டாய் என்று எனக்குத் தெரியும்.

வேலை கிடைத்து நீ மெட்ராஸ் கிளம்பியபோது கப்பல் நிற்கும் ஜெட்டியில் என் காலில் விழுந்தாய். அப்பா கொட்டகை நிழலில் தள்ளி நின்றார். அவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாய். அவரும் ஆட்டினார். கப்பல் திரும்பினதும் எனக்காகக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டார். நான் வந்து சேர்ந்தபோது உளிச்சத்தம் கேட்டது. பலகையில் இடமில்லாமல் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. மேல் சட்டத்திலேயே வெட்டிக்கொண்டிருந்தார். "சட்டத்தில போய் வெட்டறீங்களே, பிளந்துராதா? எந்தக் காசுக்கு?" என்று கேட்டேன். "வர்ற காசுக்கு" என்றார். புதிதாக ஏதோ காசு வரப்போகிறதாக்கும் என்று நான் உலை வைக்கப் போய்விட்டேன். பிறகு எத்தனையோ புதுக்காசு வந்தது. ஒன்றையும் அதில் வைக்கவில்லை. தாமரை போட்ட இருபது பைசாவுக்காக இரண்டாவது பலகையே செய்தார், இதைக் காலியாக விட்டார். நானும் கேட்கவில்லை. நமக்கு வேலை இல்லையா?

உன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். அடுக்களையில் எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "அந்த அரைஞாண் காசு எங்கடா?" என்று சும்மாதான் கேட்டேன். "அதை அன்னிக்கே கடல்ல போட்டுட்டேன்மா. கப்பல் இந்தக் கரையைத் தாண்டறதுக்குள்ளயே போட்டாச்சு" என்றாய். சொல்லிவிட்டுத் துருவலைத் தொடர்ந்தாய். அப்பா அப்போது கொல்லையில் பந்தலுக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். பிளக்கிற சத்தம் நின்றதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. அவர் காதில் விழுந்ததா என்று இன்று வரைக்கும் தெரியாது. இனிமேல் கேட்டாலும் "ப்பா" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது.

இப்போது நடந்ததைக் கேள். முதலில் இருபது பைசாவை வைத்தேன், தள்ளினார். பாபு விஷயம் கேட்டு ஒரு பை நிறையக் காசோடு வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, கண்ணாடி இல்லாமல் தெரியாது. காளை அணா, கதிர் போட்ட கால் ரூபாய், பொட்டு வைத்தது, நட்சத்திரம் வைத்தது என்று ஒவ்வொன்றாக வைத்தோம். எதுவும் குழிக்குள் சரியாக உட்காரவும் இல்லை. தள்ளாடியது. அதனால்தான் தள்ளிவிடுகிறார் என்று நினைத்தோம். "மிஸ்திரி, க்யா சாஹியே? ஒரு தடவை போலோ பாய், என்ன வேணும் சொல்லு" என்று பாபு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலமெல்லாம் சண்டை போட்ட மனுஷன். அப்பா அவருடைய கையையும் மெல்ல ஒதுக்கிவிட்டுக் குழியைக் காட்டினார்.

பாபு போனபிறகு நான் பலகையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். காலியாகக் கிடந்த குழியில் குளவி மண் வைத்துக் கட்டியிருந்தது. எத்தனை வருஷத்துக் கூடோ, கல்லாக இறுகியிருந்தது. அதுதான் காசை உட்காரவிடாமல் செய்திருக்கிறது. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்டினேன். ஓரமெல்லாம் வந்தது, நடுவில் மட்டும் ஊசி எதிலோ இடித்தது. மண்ணைத் தட்டி ஊதிப் பார்த்தேன். குழிக்கு நடுவில் மரத்தை வெட்டாமல் ஒரு சின்ன முளை விட்டிருந்தார். மிளகு அளவுக்கு, வழவழவென்று. ஓட்டைக் காசு வைத்தால் ஓட்டைக்குள் போய் நிற்கிறதற்கான முளை. பலகையில் கீழே இருக்கிற அந்தக் கோபுரக் கிரீடக் காசின் நடுவிலும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன், செல்வம். நீ போன அன்றைக்கு, அந்த மத்தியானமே, உன் சப்பைக் கிரீடத்துக்குத்தான் வெட்டியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா? உனக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், "வேற ஏதாவது எழுதணுமா?" என்று கேட்பேன். "சுகம்னு எழுது" என்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. படுத்துக்கிடக்கிற ஆளிடம் அதைக் காட்டவும் முடியவில்லை.

பாபுவிடம் ஓடினேன். டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடி ஒரு சப்பைக் கிரீடத்தை எடுத்தார். அதே வகை, சந்தேகமே இல்லை. "யஹீ ஹை, பாபி, இதுதான் அண்ணி!" என்று அவரே கூட வந்தார். முளைமேல் வைத்தேன். பொருந்தி உட்கார்ந்தது. அப்பா முகத்தைப் பார்த்தால் கண் விரிந்திருந்தது. இடது பெருவிரலை ஓட்டையில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். முளை இடித்ததோ என்னவோ, காசை வெளியே எடுத்து மறுபடியும் சுற்றினார். பிறகு கட்டிலுக்குக் கீழே போட்டார். வகைக்கு ஒண்ணு இருந்தா போதும், எந்த ஒண்ணா இருந்தா என்ன என்று சொன்ன மனுஷன்.

சரிந்த விளிம்பைத் தேடியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பாபு முகம் தொங்கிப்போய் வீட்டுக்குப் போனார். கடலில் போன காசுக்கு நான் எங்கே போவேன்? அவருடைய பெட்டியைத் திறந்து வட்ட அரத்தை எடுத்தேன். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, பாபு கொடுத்த காசைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு உள்விளிம்பைத் தேய்த்தேன். ஒரு பக்கம் மட்டும் சரியவேண்டும், அவர் கை வழுக்கின மாதிரியே வழுக்கவேண்டும். எந்தக் கோணத்தில் வழுக்கியது என்று நான் பார்த்திருக்கிறேனா? ஆட்காட்டி விரல் தோலுரிந்து ரத்தம் வந்தது. புதுப்பளபளப்பு தெரியக்கூடாது என்று புளி போட்டுக் கழுவிச் சாம்பலில் புரட்டினேன். கடைசியில் என்ன தோன்றியதோ, என் வயிற்றில் உரசியும் பார்த்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்றக் காசுகளைப் போல இதை உடனே தள்ளவில்லை. விரல் ஓட்டைக்குள் போய்ச் சரிந்த இடத்தில் நின்றது. பிறகு காசைப் பார்க்காமல் என் விரலைப் பார்த்தார். தோலுரிந்த இடத்தையே பார்த்தார். என் கையை இழுத்து, உள்ளங்கையில் அந்தக் காசை வைத்து, அந்த ஒற்றைக் கையாலேயே என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "ப்பா" என்றார். அப்புறம் மறுபடியும் கை மேலே போய்க் குழியைக் காட்டியது.

இதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் உனக்கு எழுதமாட்டேன். அவர் காசைக் கேட்கிறாரா, காசை வைத்திருந்தவனைக் கேட்கிறாரா, அதுவும் தெரியவில்லை. நீ அடுக்களையில் சொன்னது காதில் விழுந்திருந்தால், இல்லாத காசைக் கேட்டு என்னை ஏன் இப்படி அலைக்கழிக்கிறார்? விழவில்லை என்றால், அது கடலில் கிடக்கிறது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? டாக்டர் வருகிறார், நாடி பார்க்கிறார், "மெயின்லேண்டுக்குக் கொண்டுபோனாலும் இதுதான் அம்மா" என்கிறார். மருந்து வாங்கலாம், உன் மணியார்டர் இருக்கிறது. வேறு எதை வாங்குவது?

உன் பையனுக்கு இப்போது மூன்று வயது என்று எழுதியிருந்தாய். இன்னும் கொஞ்ச நாளில், இது வேறே அது வேறே என்று எதையாவது இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து நிற்பான். நாலு பேர் இருக்கும்போதுதான் வருவான், பிள்ளைகள் அப்படித்தான். அப்போது வாங்கிப் பார். அவன் சொல்வது தப்பாகவே இருந்தாலும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார். உன் அப்பாவுக்கு அது முடியாமல் போனது. முடியவில்லை என்று மரத்தில் வெட்டிக் காட்டத்தான் தெரிந்தது அவருக்கு. உனக்கு வாய் இருக்கிறது, பேசு.

நீ வா. கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, டிக்கெட் கிடைப்பது கஷ்டம், லீவு இல்லை என்று நீ எழுதப்போவதை எல்லாம் நானே எழுதிவிட்டேன், உனக்கு வேலை மிச்சம். கடையில் தேடி ஒரு காசை வாங்கிக்கொண்டு வராதே. வெறுங்கையோடு வா. அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கடலில் போட்டேன் என்று அவர் காது கேட்க நீயே சொல். எத்தனை காசைத் தள்ளிய கை, உன் கையையும் தள்ளுமோ தள்ளாதோ, நான் எப்படிச் சொல்ல முடியும்? தள்ளினால் அடுத்த கப்பலில் போய்விடு, நான் தடுக்கமாட்டேன். நீ வந்துவிட்டால் மட்டும் என் கோபம் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதே. அது வேறு கணக்கு.

மண்ணை எடுத்துவிட்டேன் என்று சொன்னேனே, அந்தக் குளவி மறுபடியும் வருகிறது. ஜன்னலைச் சாத்தினால் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் அது உள்ளே வந்து நேரே சட்டத்துக்குப் போய் ஈரமண்ணை அப்பிவிட்டுப் போகிறது. தினமும் காலையில் பலகையை இறக்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, முளை உடைந்துவிடாமல் ஊசியால் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா